சொன்னால் சிவப்பு

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். அதனால் என் சோட்டுக்காரர்களான உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பிள்ளைகளிடம் சொன்னால், "ஸ்டாரா? அதுக்கா இவ்ளோ ஃபீலிங்?" என்பார்கள். உங்களுக்கு அப்படி இல்லை. மயிலாப்பூர் தெப்பக்குளம் வறண்டு, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய அந்தக் கோடை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு கண் வைத்தபடியே பாண்டி ஆடியவர்கள்தானே நாம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொன்று, என் தங்கைக்கு ஏழு.

தங்கைக்கு ஒரு வியாதி இருந்தது. செய்ததையெல்லாம் தானே வந்து சொல்லிவிடுவாள். கூப்பிட வேண்டாம், கேட்க வேண்டாம். "அம்மா, மோர் டம்ளர் கிணத்துல விழுந்துடுச்சு, நான்தான் தள்ளினேன்." "அப்பா, காலண்டர்ல இருக்கற பாப்பாவுக்கு மீசை வரைஞ்சேன், நல்லா வந்திருக்கு, வந்து பாருங்க." ஒருநாள் பாதிக் குளியலில், தலையில் சீயக்காயோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். நேற்று சர்க்கரை டப்பாவைத் திறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். நடந்த இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. அந்தச் சர்க்கரைக் கதையை அவள் சொன்ன விதம், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எத்தனை ஸ்பூன் என்று விரலை மடக்கிக் காட்டியது, எல்லாம் இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரிகிறது. அந்தக் குரலைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன்.

நான் அந்த வியாதி அண்டாத பெண். எதைச் செய்தாலும் தடயம் விடமாட்டேன்.

அந்தக் கோடையில்தான் சித்தப்பா எங்களோடு வந்து தங்கினார். அப்பாவின் கடைசித் தம்பி. எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகளில் ஒன்று அவருக்கும் அவருடைய புத்தகங்களுக்கும் போனது. சாப்பிடும்போதும் படிப்பார். படித்ததை உடனே யாருக்காவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அம்மாதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வாள்.

"ரொம்ப சிம்பிள் அண்ணி. ஒரு காரியம் செஞ்ச உடனே நல்லது கிடைச்சா, அந்தக் காரியம் மறுபடி நடக்கும். கெட்டது கிடைச்சா குறைஞ்சிடும். எலிக்கும் இதேதான், மனுஷனுக்கும் இதேதான்."

"இதுக்கு எம்.ஏ. வேற படிக்கணுமா?" என்று அம்மா ரசத்தை ஊற்றினாள்.

"அவசரப்படாதீங்க. இன்னொண்ணு இருக்கு. தொல்லை நின்னாலும் அது பரிசுதான். இப்ப நீங்க 'துணி மடிங்கடீ, துணி மடிங்கடீ'ன்னு கத்தறீங்க. இதுங்க மடிச்சதும் நிறுத்திடறீங்க. கத்தல் நிக்கறதுக்காக இதுங்க மடிக்குது. கத்தினா வேலை நடக்குதுன்னு நீங்களும் நாளைக்கு இன்னும் ஜாஸ்தி கத்துவீங்க."

"என்னையும் எலியாக்கிட்டியா?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு பழகியவர். எதற்கும் ஒரு படிவம் இருந்தால் நிம்மதி அவருக்கு. சித்தப்பாவின் பேச்சில் தன் வீட்டுக்கான ஒரு படிவம் இருப்பதை அவர் அன்றே மோப்பம் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டே நாளில் பீரோவின் பக்கவாட்டில் ஒரு அட்டை ஏறியது. பழைய காலண்டர் ஒன்றின் பின்பக்கம்தான். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது சித்தப்பா, பெயர் எழுதியது அப்பா. நல்லது செய்தால் பச்சை நட்சத்திரம். மாடவீதி கடையிலிருந்து வாங்கி வந்த, நாக்கால் நக்கி ஒட்டுகிற பளபளப்பான நட்சத்திரம். அந்தப் பசையின் தித்திப்பும் கசப்பும் கலந்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. தப்பு செய்தால் சிவப்பு மையில் ஒரு பொட்டு. வாரத்துக்கு ஐந்து பச்சை வாங்கினால் சேமியா ஐஸ். மூன்று சிவப்பு விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டிவியில் படம் கிடையாது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் படம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் அப்பா சேர்த்த விதி ஒன்று உண்டு. அவர் பகலெல்லாம் ஆபீசில் இருப்பார், அம்மாவுக்கு வேலை சரியாக இருக்கும். யார் பார்த்துப் பொட்டு வைப்பது? அதனால் சாயந்திரம் விளக்கேற்றியதும் நாங்கள் இருவரும் அட்டைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு என்ன செய்தோம் என்று நாங்களே சொல்ல வேண்டும்.

இப்போது உங்களுக்கே சிரிப்பு வருகிறது அல்லவா? எங்கள் வீட்டில் இருந்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் அன்றைக்கு அது வரவில்லை.

முதல் நாள் தங்கை சந்தோஷமாக நின்றாள். அவளுடைய வியாதிக்கு அரசாங்கமே மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஊறுகாயில் விரலை விட்டது, கீழ்வீட்டு மாமியின் கோலத்தில் வேண்டுமென்றே நடந்தது, என் ஹேர்பின்னால் சுவரில் கிறுக்கியது. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்பா பேனாவை எடுத்து மூன்று பொட்டு வைத்தார். "நீ?" என்றார் என்னைப் பார்த்து. "துணி மடிச்சேன்பா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். கிறுக்கியதில் பாதி என் கிறுக்கல். எனக்குப் பச்சை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தின் சத்தத்தை மட்டும் கேட்டாள். இடைவேளையில் நான் போய்ப் பார்த்தேன். "அக்கா, இப்ப யார் அழறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் என் சேமியா ஐஸில் பாதியை அவளுக்குக் கடிக்கக் கொடுத்தேன். நான் ரொம்ப நல்ல அக்கா என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரமும் அதே கதை. சித்தப்பாவுக்கு எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணா, சின்னவ தப்பு செஞ்சது காலையில. பொட்டு விழறது அவ வந்து சொன்ன உடனே. பக்கத்துல இருக்கறதுதான் மனசுல ஒட்டும். சொன்னதுக்குத்தான் பொட்டுன்னு அவ..."

"தப்புக்குத் தண்டனை. இதுல என்ன காலையில, சாயந்திரம்?" என்றார் அப்பா.

சித்தப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அண்ணனுக்குப் பாடம் எடுக்கிற தைரியம் அவருக்கு இல்லை. பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். அட்டை மட்டும் பீரோவிலேயே இருந்தது.

மூன்றாவது வாரம் தங்கை அட்டை முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? மாறிட்டா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே தன் கையால் பச்சை நட்சத்திரம் ஒட்டினார். அவள் மாறித்தான் இருந்தாள். அன்று காலை மொட்டைமாடியில் காயவைத்த வடாமில் ஒரு வரிசையே காணாமல் போயிருந்தது. அம்மா காக்காயைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சொல்கிற பழக்கம் அவளிடமிருந்து அப்படி ஒரேயடியாகப் போய்விடவில்லை. அது வேறு இடம் தேடிக்கொண்டது. எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். இஸ்திரி போடுகிற அம்மா கரிப்பெட்டியை ஊதி, துணியில் தண்ணீர் தெளித்து, ஒரு கையால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி வேலையை ஆரம்பித்தார் என்றால், சூடான பருத்தியின் வாசனை தெருப்பாதி வரைக்கும் வரும். தங்கை வண்டிச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். வடாம், ஊறுகாய், ஹேர்பின், எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா நல்லது கெட்டது எதுவும் சொல்லமாட்டார். பெட்டியைத் தேய்த்தபடியே, "அப்பால இன்னா ஆச்சி?" என்பார். அவ்வளவுதான். தங்கை அடுத்ததை ஆரம்பிப்பாள். ஒருநாள் நான் அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ஒங்க வூட்ல ரேடியோ இருந்தா வேஸ்ட்டு பாப்பா. இது ஒண்ணு போதும். எனுக்கு நேரம் போறதே தெரியல."

வண்டிக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். தங்கைக்கு அதன்மேல் உயிர். அப்பாவுக்குத் தெருநாய் என்றாலே ஆகாது. அதற்காகவே தனி விதி எழுதினார். நாயைத் தொட்டால் ஒரே தடவையில் மூன்று சிவப்பு.

மே மாதம் ஒரு மத்தியானம் நான் குளியலறைக்குப் போனபோது தங்கை உள்ளே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருந்ததே அரை வாளித் தண்ணீர். அதை முழுக்கத் தீர்த்திருந்தாள். காலில் மூன்று சின்னப் பல்தடங்கள். ஒன்றில் ரத்தம் கசிந்தது.

"பிஸ்கட் குடுத்தேன். எப்பவும் நக்கத்தான் நக்கும். இன்னிக்குக் கடிச்சிடுச்சு" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சொல்லாதே. மூணு சிவப்பு."

"அந்தம்மா பாக்கலியா?"

"அவங்க துணி குடுக்கப் போயிருந்தாங்க."

சொல்லவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். அவள்மேல் பாசம் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டேன். பாசமெல்லாம் இல்லை. சொன்னால் கலவரம், சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அந்த அட்டை அவளுக்கு முன்னாலேயே என்னைப் பழக்கிவிட்டிருந்தது. அன்று சாயந்திரம் இரண்டு பேரும் அட்டைக்கு முன்னால் நின்று "ஒண்ணும் இல்லப்பா" என்றோம். இரண்டு பேருக்கும் பச்சை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தோம். என்ன படம் என்று சுத்தமாக நினைவில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆறாம் நாள் காலையில் இஸ்திரி போடுகிற அம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் துணி இல்லை. அப்பா ஆபீசுக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"சாரு, அந்த நாயி செத்துப்போச்சி. ரெண்டு நாளா தண்ணி குடிக்கல, வாயெல்லாம் நொரை. பாப்பா அத்தக் கொஞ்சிக்கினே இருக்கும். எனுக்கு மனசே கேக்கல. எதுனா கடிச்சிதான்னு கேளு சாரு."

அப்பாவின் முகம் வெளுத்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தங்கையைக் கூப்பிட்டார். "நாய் கடிச்சுதா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்தாள். "இல்லப்பா."

"நெஜமா?"

"ஒண்ணும் இல்லப்பா."

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பதினொரு வயது. வெறிநாய்க்கடி என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்தவள். என் வாய் திறக்கவில்லை. அப்பா நம்பிவிட்டார். இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

அந்த அம்மா மட்டும் போகவில்லை. எங்கள் கூடத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தங்கையை இழுத்துத் தன் மடிக்கு எதிரே நிறுத்தினார். "கண்ணு, போன வாரம் நான் துணி குடுக்கக் கெளம்பசொல்லோ நீ பிஸ்கட் எட்துகினு வந்தியே. அப்பால இன்னா ஆச்சி?"

தங்கை அவர் காதருகே குனிந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். பிஸ்கட், பல், சோப்பு, அரை வாளித் தண்ணீர். கையை ஆட்டி, விரலை மடக்கிக் காட்டிச் சொன்னாள். பாவாடையைத் தூக்கிக் காலையும் காட்டினாள். அக்கா பார்த்தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் முடிக்கக்கூட இல்லை. அப்பா பாய்ந்து வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். "ஏண்டி சொல்லல? ஏண்டி சொல்லல?"

"சாரு! இப்பத்தான சொல்லிக்கினு கீது! இத்தப் போயி அடிக்கிறியே!" என்று அந்த அம்மா குறுக்கே கையை நீட்டினார்.

அப்பா அடுத்த நிமிஷமே அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். செருப்பு இரண்டும் படியிலேயே கழன்று விழுந்தன. வெறுங்காலோடு ஆட்டோவை நிறுத்தி ஏறினார். ஆட்டோ திரும்புகிறவரை அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உயிரே போகிற பயத்தில் அடித்த அடி அது. ஆனால் ஏழு வயதுக்கு அது தெரியுமா? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சொன்னாள், சொன்ன வாய் மூடுமுன் அடி விழுந்தது.

அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. தினமும் ஒன்று. கடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவியது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். மற்றப் பிள்ளைகள் வார்டே அதிரக் கத்தும்போது, இவள் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். சத்தமே வராது. "எவ்ளோ தைரியம் பாருங்க" என்று நர்ஸ் சொல்வார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் ஒரு நட்சத்திரம். அவள் பெயருக்கு நேரே அப்படி ஒரு வரிசைப் பச்சை அதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஊசி எல்லாம் முடிந்த அன்று அவளுக்கு இரண்டு சேமியா ஐஸ். வலிக்கும்போது வாய் திறக்காமல் இருந்ததற்கு எங்கள் வீடு கொடுத்த பரிசு அது.

இஸ்திரி வண்டிப் பக்கம் போகக்கூடாது என்றும் உத்தரவாகிவிட்டது. அந்த அம்மாவும் அடுத்த வருஷம் சைதாப்பேட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். புங்க மரத்தடியில் ஒரு இளநீர்க்கடை வந்தது. அட்டை எந்தப் பழைய பேப்பரோடு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்தது, மழை வந்தது, குளத்தில் தண்ணீர் நின்றது. என் தங்கை மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள். நன்றாகப் படித்தாள், சிரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக வந்து சொல்வதைத்தான் நிறுத்திவிட்டாள். "சின்னவ அழுத்தக்காரி, வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்று அப்பா கடைசிவரை எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது உண்மையிலேயே வருத்தம்தான்.

அப்பா போனபோது சித்தப்பா வந்திருந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, தங்கை பேசாமல் எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரைகுறையாப் படிச்சவன் கட்டம் போட்டுக் குடுத்துட்டேன்மா" என்றார் என்னிடம். "உங்கப்பாவைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

போன மாதம் ஒரு செய்தி வந்தது. தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சொன்னது அவளுடைய அடுக்ககத்தில் இருக்கும் ஒரு தோழி. அவளும் தற்செயலாகத்தான் சொன்னாள். தங்கை தன் பெருங்குடி ஆபீசுக்கு லீவு போட்டு, வேலை விஷயமாக வெளிநாடு போயிருந்த கணவரையும் வரவேண்டாம் என்று தடுத்துவிட்டு, படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டு, நான்காம் நாள் தானே ஆட்டோ பிடித்து வேளச்சேரி வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அந்த வாரம் என்னோடு இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறாள். "எல்லாம் நல்லா இருக்குக்கா" என்றாள். பின்னால் கேட்ட மணிச்சத்தம் கோயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வார்டு மணி அது.

வேளச்சேரி போகிறவரை ஆட்டோவில் வரிவரியாகத் தயார் செய்துகொண்டேன். ஏண்டி சொல்லல? நான் செத்தா போயிட்டேன்? அவள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ஒரு கை கதவுநிலையைப் பிடித்திருந்தது. முதல் வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது அப்பாவின் வார்த்தை என்று அப்போதுதான் உறைத்தது. விழுங்கிவிட்டேன்.

வாங்கிப்போயிருந்த அவரைக்காயைக் கூடத்துத் தரையில் கொட்டி நார் எடுக்க ஆரம்பித்தேன். அவள் எதிரே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததால் நான் சொன்னேன். அந்தக் கடியை நான் பார்த்தது, அப்பா கேட்டபோது வாய் திறக்காதது, அதனால் அவள் செத்தே போயிருக்கலாம் என்பது, இத்தனை வருஷமாக அது என்னைத் தின்றுகொண்டிருப்பது. சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இதுக்கா அழற? எனக்கு அந்த வீட்டுல உன்னை மட்டும்தான்க்கா பிடிக்கும். நீ ஒருத்திதான் என்னைக் காட்டிக் குடுக்கல."

தலையைக் குனிந்துகொண்டு மறுபடி அவரைக்காய் நாரை உரித்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கீழே பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள், யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. கடைசிக் காயை எடுக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"தையல் போட்ட இடம் கொஞ்சம் வலிக்குதுக்கா."

எத்தனை நாளா, டாக்டர்கிட்ட சொன்னியா, மாத்திரை போட்டியா என்று ஒரு கூட்டமே என் வாய் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் உள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ராத்திரியில ஜாஸ்தியா வலிக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பயமாவும் இருந்துச்சு" என்றாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கூடப்பிறந்தவள் தனக்கு வலிக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, அந்தச் சோபாவில் உட்கார்ந்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.